செயின்ட் ஆண்ட்ரூஸில் ஒரு தெரு

செயின்ட் ஆண்ட்ரூஸ் என்று சொன்ன அளவில் நம் மாணவருட் பலர்க்கு 1413-ஆம் ஆண்டிற் தோன்றிய சர்வகலாசாலை நினைவுக்கு வரும். சிலர்க்குக் கோல்ஃப் ஆட்டம் வரும். சபைச் சரித்திரம் படித்தார்க்குப் பாட்ரிக் ஹாமில்டனும் ஜார்ஜ் விஷார்ட்டும் எரியுண்ட தீ வரும். அந்நகரில் மனிதர் வாடகை கொடுத்து வாழ்கின்றனர், குப்பைத்தொட்டியை வாயிலில் வைக்கின்றனர், மழைக்குமுன் துணியெடுக்க ஓடுகின்றனர் என்பது ஒருவர் நினைவுக்கும் வாராது. 2024-ஆம் ஆண்டிற் பள்ளியிறுதித் தேர்வு முடிந்து, கல்லூரி புகுமுன் கிடைத்த ஓய்வில், ஏப்ரல் தொடக்கமுதல் ஜூன் முடிய மூன்று திங்கள் யாம் அங்கு எம் சிற்றன்னையார் இல்லத்தில் உறைந்தோம். சிற்றன்னையார் அந்நகர் மருத்துவமனையிற் செவிலி. சிற்றப்பனார் ஒரு விடுதியிற் சமையற்காரர். அவர்தம் ஒரே மகன் அப்போது 11 வயதினன். ஈண்டு யாம் எழுதப் புகுந்தது அவர்கள் வாழ்ந்த தெருவைப்பற்றியே. கோட்டை கொத்தளங்களை அறிய விரும்புவார்க்கு வேறு நூல்கள் உள.

ஆயினும் நகரின் அமைப்பை முதற்கண் சொல்லிவிடுதல் வேண்டும். வடகடலின் கரையில், ஒரு மேட்டின்மேல், கிழக்கு மேற்காக மூன்று தெருக்கள் ஓடுகின்றன: வடக்குத்தெரு, சந்தைத்தெரு, தெற்குத்தெரு. நம் ஊர்களிற் கோயிலை நாடி வீதிகள் அமைந்தாற்போல, இவை கிழக்கே பேராலயத்தை நோக்கி நெருங்கிச் செல்கின்றன. அப்பேராலயம் 1318-இல் ராபர்ட் புரூஸ் மன்னர் முன்னிலையிற் பிரதிஷ்டை செய்யப்பெற்றது. 1559-இல் ஜான் நாக்ஸின் பிரசங்கத்தைக் கேட்டெழுந்த கூட்டத்தார் அதன் சுரூபங்களையும் அலங்காரங்களையும் அழித்தனர். பின்னர்ப் பேணுவாரின்றி அது சிறிது சிறிதாய் இடிந்தது. இடிந்த கற்களை ஊரார் எடுத்துச் சென்று வீடு கட்டிக்கொண்டனர். இன்று கிழக்கேயும் மேற்கேயும் சில சுவர்களும், தெற்கே ஒரு நெடுஞ்சுவரும், அருகில் 33 மீட்டர் உயரமுள்ள புனித ரூல் கோபுரமுமே நிற்கின்றன. பழைய தெருக்களில் நடக்குங்கால், எவ்வீட்டுச் சுவரில் எத்தூணின் துண்டு உறங்குகின்றதோ என்று எண்ணாதிருத்தல் அரிது. "தேவனுடைய வீடு குடிகளுக்கு வீடாயிற்று" என்பார் சிற்றப்பனார். அதிற் பிழையொன்றும் யாம் காண்கிலோம்.

தமிழ் பயில்வார்க்கு அவ்வூர்ச் சொற்கள் நல்விருந்து. ஆங்கிலத்தில் வாயிலைக் குறிக்கும் 'கேட்' என்பது ஸ்காட்லாந்துப் பழவழக்கில் தெருவைக் குறிக்கும். துறைமுகத்தைக் குறிக்கும் 'போர்ட்' என்பது அங்கே நகரவாயில். தெற்குத்தெருவின் மேற்கெல்லையில் நிற்கும் 16-ஆம் நூற்றாண்டு வாயில் 'வெஸ்ட் போர்ட்' எனப்படும். எரிதலைக் குறிக்கும் 'பர்ன்' என்பதோ நீரோடை! கின்னெஸ் பர்ன் என்னும் ஓடை பழைய நகரின் தென்புறத்தே சலசலத்து ஓடிக் கடலிற் கலக்கின்றது. இவ்வோடைக்கு வடக்கே சரித்திரம்; தெற்கே குடியிருப்பு. எம் தெரு தெற்கே.

ஓடையைத் தாண்டினால் நிலம் மெல்ல உயர்கின்றது. அச்சரிவில், லாமண்ட் டிரைவ் என்னும் நெடுந்தெருவை அடுத்து, வரிசை வரிசையாய் வீடுகள். இவற்றுட் பல சென்ற நூற்றாண்டில் உழைக்கும் குடும்பங்களுக்கென நகரசபை கட்டியவை. ஒரு கட்டடத்தில் நான்கு குடும்பம்: கீழே இரண்டு, மேலே இரண்டு, நால்வர்க்கும் தனித்தனி வாயில். சுவர்களின்மேற் சிறு கூழாங்கற் கலந்த சாந்து பூசியிருப்பர், கைபட்டாற் சொரசொரவென்றிருக்கும். பார்வைக்கு அழகென்று சொல்வதற்கில்லை. சுற்றுலா வருவார் எவரும் இத்தெருவைப் படமெடுத்து யாம் கண்டதில்லை. ஆனால் எம் அறையின் சாளரத்தைத் திறந்தால், ஓடைக்கு அப்பால் நகரத்தின் கோபுரங்கள் அனைத்தும், அவற்றின் பின்னே கடலும் ஒருங்கே தோன்றும். நகரத்துள் வாழ்வார்க்கு நகரம் இங்ஙனம் தோன்றாது. அவர்கள் பார்த்தால் எங்கள் கூழாங்கற் சுவரே தெரியும்!

வீட்டின் பின்னே நால்வர்க்கும் பொதுவாக ஒரு புற்றரை. அதில் இரும்புக்கம்பங்கள் நட்டுக் கயிறு கட்டித் துணி உலர்த்துவர். எவர்க்கு எக்கிழமை கயிறு உரியது என்பது எழுதாச் சட்டம். மேகம் கறுத்தால் முதலிற் கண்டவர் உரக்கக் கூவுதல் வேண்டும்; நால்வீட்டாரும் ஓடிவந்து அவரவர் துணியையும், வீட்டில் இல்லாதார் துணியையும் எடுப்பர். வாயிற்புறத்தே ஒவ்வொரு வீட்டார்க்கும் நான்கு தொட்டிகள்: உணவுக் கழிவுக்கும் தோட்டக் கழிவுக்கும் பழுப்பு, காகிதத்திற்குச் சாம்பல்நிறம், தகரத்திற்கும் பிளாஸ்டிக்கிற்கும் பச்சை, எஞ்சியவற்றிற்கு நீலம். எக்கிழமை எந்நிறத் தொட்டியைத் தெருவில் வைப்பது என்பது நம் பஞ்சாங்கத்தினும் நுட்பமானது. தெருவார் எவரும் அட்டவணையைப் பார்ப்பதில்லை. கீழ்வீட்டு அம்மையார் முன்னாள் மாலையில் எத்தொட்டியை உருட்டுகின்றார் என்று பார்த்து, அத்தொட்டியையே உருட்டுவர்.

அவ்வம்மையார்க்கு எண்பது வயதுக்கு மேலிருக்கும். தந்தையார் காலத்திலிருந்து அத்தெருவில் வாழ்பவர். கடைக்குச் செல்லுதலைச் 'செய்திகளுக்குப் போதல்' என்பார். அஃது அந்நாட்டு வழக்கு. எம்மை 'ஹென்' என்றே விளித்தார். பெட்டைக்கோழி என்பது அதன் பொருள். நம்மூர்ப் பாட்டிமார் பெண்பிள்ளையைக் 'கிளியே' என்பது போல அவர்கள் 'கோழியே' என்கின்றனர் எனச் சிற்றன்னையார் விளக்கினார். கிளியைக் காணாத நாட்டில் வேறென் செய்வர்?

யாம் சென்ற மூன்றாம் நாள் கயிற்றடியில் அவர் எம்மை நோக்கி, எவ்வூர் என வினவினார். பாளையங்கோட்டை என்றால் விளங்காதே எனக் கருதி, "சென்னைக்குத் தெற்கே, முன்னாளில் மெட்ராஸ் எனப்பட்ட ஊர்" என்றோம். அவர் கையிலிருந்த கவ்வியை வாயிற் கவ்விக்கொண்டு சிரித்தார். பின், "நானும் மெட்ராஸில் படித்தவள்தான், கோழியே" என்றார்.

அன்னார் கூறியது மெய்யே. நேயர்களுட் சிலர் அறிந்திருக்கலாம், அறியாதார்க்காகச் சொல்லுகின்றோம். ஆண்ட்ரூ பெல் என்பார் 1753-இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் ஒரு நாவிதர் மகனாய்ப் பிறந்தவர். 1787-இற் சென்னைக்கு வந்து, 1789 முதல் எழும்பூரிலிருந்த அநாதைச் சிறுவர் விடுதியை மேற்பார்த்தார். ஆசிரியர் போதாமையால் அவர் இடர்ப்பட்டிருந்த காலத்தே, ஒரு நாட்டுப் பள்ளியிற் சிறுவர் மணலில் விரலால் எழுதிப் பயிலுதலைக் கண்டார். அதனைத் தம் விடுதியிற் புகுத்தி, மூத்த பிள்ளைகளைக்கொண்டே இளைய பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையை வகுத்தார். 1797-இல் அதனை நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்னும் பெயரால் அது கடல்கடந்து பரவியது. அவர் அளித்த பொருளைக்கொண்டு 1833-இல் தெற்குத்தெருவில் எழுந்த பள்ளிக்கு 'மதராஸ் கல்லூரி' என்று பெயர். இன்றும் அந்நகரப் பிள்ளைகள் அனைவர்க்கும் உரிய பொதுப்பள்ளி அதுவே. 1996-இல் நாம் கைவிட்ட பெயரை வடகடலோரத்துப் பிள்ளைகள் நாடோறும் சட்டையிற் சுமந்து செல்கின்றனர்!

மணலெழுத்தும், ஆசிரியர்க்குத் துணையாய் நின்று பிள்ளைகளை ஆளும் சட்டாம்பிள்ளையும் நம் திண்ணைப் பள்ளிகளில் வழிவழி வந்தவை என்பதை யாம் அம்மையார்க்கு எடுத்துச் சொன்னோம். 'சட்டாம்பிள்ளை' என்னும் சொல்லை மூன்று நாள் முயன்று சொல்லப் பழகினார். நான்காம் நாள் எம் சிற்றன்னையார் மகனைப் படியிற் கண்டு, "ஆகஸ்டில் நீ மெட்ராஸுக்குப் போகின்றாய், அங்கே நீ சட்டாம்பிள்ளையாக வேண்டும்" என்று அச்சொல்லைத் தமிழிலேயே மொழிந்தார். ஆயின் அவர் படித்த கட்டடத்தில் அவன் படிக்கப்போவதில்லை. 2021-இற் பள்ளி நகரின் மேற்கெல்லையிற் கட்டிய புதுக்கட்டடத்திற்குக் குடிபெயர்ந்தது. தெற்குத்தெருக் கட்டடம் சர்வகலாசாலைக்கு உரியதாயிற்று. "பள்ளி நன்றாகவே இருக்கிறது, ஆனால் நான் அந்த வழியே நடப்பதை விட்டுவிட்டேன்" என்றார்.

மாலையிற் சிற்றன்னையாரும் யாமும் லேட் பிரேஸ் என்னும் நடைவழியில் உலாவச் செல்வோம். முற்காலத்தில் ஆலைகளை ஓட்டுதற்கு ஓடையினின்று வெட்டிய வாய்க்காலையொட்டிச் செல்லும் அவ்வழி, இருமருங்கும் மரம் அடர்ந்து, வீட்டுத் தோட்டங்களின் பின்சுவர்களை உரசிச் செல்லும். அவ்வழியே மேற்கே சென்றால் ஹாலோ ஹில் என்னும் சிறுகுன்று. 1975 முதல் 1977 வரை அங்கு அகழ்ந்தபோது, கற்பலகை அடுக்கிய பழைய கிறிஸ்தவர் கல்லறைகள் நூற்றுக்கு மேற்பட்டன வெளிப்பட்டன. 6-ஆம் நூற்றாண்டு முதல் 9-ஆம் நூற்றாண்டு வரை அவ்விடத்தில் அடக்கம் நடந்ததாம். சர்வகலாசாலைக்கும் பேராலயத்திற்கும் முற்பட்ட குடிகள் அவர்கள். ஆராய்ச்சியாளர் வருமளவும் அவர்களை எவரும் இடம்விட்டு எழுப்பினாரல்லர்.

காலநிலையைப் பற்றி நீட்டி எழுதோம். மே மாதத்திற் கடலிலிருந்து 'ஹார்' எனப்படும் மூடுபனி ஏறிவரும். காலையிற் கண்ட கோபுரங்கள் நண்பகலில் இரா. ஜூனில் இரவு 10 மணிக்குத்தான் கதிரவன் மறைவான். விடியல் நாலரைக்கு முன்னரே வந்துவிடும். தடித்த திரையிட்டும் உறக்கம் வருவது அரிது. ஆனால் 2024 மே 10-ஆம் நாளிரவை மட்டும் சொல்லாமல் விடுதற்கில்லை. நள்ளிரவை ஒட்டி எதிர்வீட்டு மாணவர் எல்லாக் கதவுகளையும் தட்டினர். வெளிவந்து பார்த்தால் வானமுழுதும் பச்சையும் செம்மையுமாய் வடதுருவ ஒளி! கீழ்வீட்டு அம்மையார் இரவு உடையின்மேல் மழைச்சட்டை அணிந்து வந்தார். ஒரு குழந்தையைப் போர்வையிற் சுற்றித் தந்தை தோளிலேற்றினார். சிற்றப்பனார் அப்பொழுதுதான் விடுதியினின்று திரும்பியவர், கையில் உணவுப்பொதியுடன் நடுத்தெருவில் நின்றார். தெரு முழுதையும் ஒருசேர யாம் கண்டது அன்றொருநாளே. எவரும் உரத்துப் பேசவில்லை. தேவாலயத்தினுள் நின்றாற்போல நின்றோம்.

நிற்க. அதற்குப் பதின்மூன்று நாள் முன்னரே வீட்டுக்காரரிடமிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. வீட்டை விற்கப்போவதாகவும், 84 நாளில் காலிசெய்ய வேண்டுமெனவும் அதிற் கண்டிருந்தது. அவர் கொடியவர் அல்லர். குழாய் கெட்டால் அன்றே ஆளனுப்புவார். வேற்றூரில் வாழும் அவர்க்கு அவ்வீடு முதலீடு; விலை ஏறியிருக்கும் காலத்தில் விற்கிறார். சட்டம் அவர்க்கு இடங்கொடுக்கின்றது. 2017 டிசம்பர் முதல் ஸ்காட்லாந்தில் வழங்கும் வாடகைச் சட்டப்படி, காரணமின்றிக் குடியிருப்பாரை எழுப்ப இயலாது. விற்பனை ஒரு காரணம். குடியிருப்பார் எழ மறுப்பின் தீர்ப்பாயம் இருசார்பையும் கேட்டு முடிவுசெய்யும். "வழக்காடலாமே, சித்தப்பா" என்றோம். "ஆடலாம், பாப்பா. ஆனால் அடுத்த வீட்டுக்காரர், 'முந்தின வீட்டுக்காரரிடம் நற்சான்று வாங்கி வா' என்பாரே" என்றார். அதற்கு மறுமொழி எம்மிடம் இல்லை.

உழைப்பார்க்கென நகரசபை கட்டிய வீடு எங்ஙனம் வேற்றூரார் முதலீடாயிற்று என்பதைக் கீழ்வீட்டு அம்மையாரே எமக்கு விளக்கினார். 1980-இற் பிறந்த ஒரு சட்டம், இத்தகைய வீடுகளில் வாடகைக்கு இருந்தார்க்கு அவற்றைத் தள்ளுபடி விலையில் வாங்கும் உரிமை தந்தது. மேல்வீட்டில் அந்நாளில் இருந்த குடும்பத்தார் மகிழ்ந்து வாங்கினர். அவர்கள் மூப்பெய்தி இறந்தபின் மக்கள் விற்றனர்; வாங்கினவர் வாடகைக்கு விட்டார். ஸ்காட்லாந்தில் அவ்வுரிமை 2016-இல் நிறுத்தப்பட்டது. ஆனால் சென்ற வீடுகள் சென்றவையே. அம்மையாரின் கணவர் வாங்க மறுத்தவராம். ஆகவே அவர் இன்னும் உள்ளூராட்சி மன்றத்தின் குடி, எழுப்புவார் இல்லை. "ஊரார் அவரை மூடர் என்றனர்" என்று சொல்லிப் புன்னகைத்தார்.

நகரில் வாழ்வார் ஏறத்தாழ 18,000 பேர். சர்வகலாசாலை மாணவரோ ஏறத்தாழ 10,000. மாணவரன்றிக் கோல்ஃப் ஆட வருவார்க்கும் நாட்கணக்கில் விட வீடு வேண்டும். உறவினரல்லாத மூவரோ மேற்பட்டாரோ கூடி வாழும் வீட்டிற்கு உரிமம் வேண்டுமென்பது சட்டம். அத்தகைய வீடுகள் மேன்மேலும் பெருகாவண்ணம் 2019-இல் உள்ளூராட்சி மன்றம் தடையும் விதித்தது. தடையாற் குடும்பங்களுக்கு வீடு எஞ்சும் என்பது ஒருசாரார் கருத்து. மாணவர் வாடகை ஏறியதே பயன் என்பது மற்றொரு சாரார் கருத்து. தெருவிற் சிலர் எல்லாப் பழியையும் மாணவர்மேற் சுமத்தினர். யாம் அதற்கு உடன்படோம். மாணவராகப் போகும் நிலையில் அங்கிருந்ததனால் மட்டும் அன்று. எதிர்வீட்டு நால்வரும் தம் அறைக்குக் கொடுத்த வாடகையைக் கேட்டபின் எவர்மேலும் சினங்கொள்ள எமக்கு மனம் வரவில்லை. ஆயின் ஒன்று சொல்வோம். அந்நகரத்து நோயாளிக்கு மருந்தளிக்கும் செவிலிக்கும், விருந்தினர்க்குச் சோறாக்கும் சமையற்காரர்க்கும், தொட்டி எடுக்கும் தொழிலாளிக்கும் அந்நகரிற் கூரையில்லை என்பது அறிவுடையோர் ஊர்க்கு அழகன்று. ஆறு நூற்றாண்டு கற்பித்த ஊர் இக்கணக்கை இன்னும் போட்டு முடிக்கவில்லை.

மே மாதம் முழுதும் வீடு தேடினோம். நகரினுள் இரண்டு வீடு பார்த்தோம். ஒன்றற்கு எமக்கு முன் முப்பதுக்கு மேற்பட்டோர் வரிசை. மற்றொன்றன் வாடகை சிற்றன்னையார் ஊதியத்தில் முக்காற்பங்கு. ஓய்வுநாட்களில் ஆராதனை முடிந்ததும் பழைய கோல்ஃப் திடலில் நடப்போம்; ஞாயிறு தோறும் அத்திடலில் ஆட்டம் இல்லை, ஊரார் நாயும் குழந்தையுமாய் உலாவுவர். அங்கும் பேச்சு வீடே. பையன் மட்டும் கவலையற்றிருந்தான். வடக்குத்தெருவிற் சர்வகலாசாலை வாயிலின்முன், ஹாமில்டன் 1528-இல் எரியுண்ட இடத்தில் அவர் பெயரின் முதலெழுத்துகள் கல்லிற் பதிந்துள்ளன. அவற்றை மிதித்த மாணவர் தேர்வில் தோற்பர் என்பது அவ்வூர் நம்பிக்கை. இவன் இன்னும் பள்ளியே சேரவில்லை. ஆயினும் அவ்வழியே செல்லும்போதெல்லாம் அவ்வெழுத்துகளை வளைந்து சென்றான். எம்மையும் கையைப் பற்றி வளைத்தான்.

முடிவில் லூக்கர்ஸ் என்னும் சிற்றூரில் வீடு கிடைத்தது. நகருக்கு ஐந்தாறு மைல். செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு வந்த இருப்புப்பாதை 1969 ஜனவரியில் மூடப்பட்டதன்பின், நகரை அடுத்துள்ள இரயில் நிலையம் லூக்கர்ஸே. ஊர் நல்லதே, 12-ஆம் நூற்றாண்டுத் தேவாலயம் ஒன்று இன்றும் அங்கு நிற்கின்றது. அவ்வூர்ப் பிள்ளைகளும் மதராஸ் கல்லூரிக்கே செல்வர் என்பது பெரிய ஆறுதலாயிற்று. ஆனால் விடுதி அடுப்பை அணைத்துவிட்டு 15 நிமிடத்தில் நடந்து வீடு சேர்ந்த சிற்றப்பனார், இனிக் கடைசிப் பேருந்தை நோக்கி ஓட வேண்டும்.

ஜூன் கடைசி வாரத்திற் சாமான் ஏற்றினோம். எதிர்வீட்டு மாணவர் நால்வருள் இருவர் ஊர் சென்றிருந்தனர். எஞ்சிய இருவரும் வந்து கட்டிலையும் அலமாரியையும் படியிறக்கினர். கீழ்வீட்டு அம்மையார் கதவோரத்தில் நாற்காலியிட்டு அமர்ந்து, எது முதலில் ஏற வேண்டும், எது கவிழும் என்று கட்டளையிட்டார். வண்டி நிறைந்ததும், மறுநாள் காகிதத் தொட்டி நாள் என்றும், அட்டைப்பெட்டிகளை நிரப்பித் தெருவில் வைத்துவிட்டே போக வேண்டுமென்றும் சொன்னார். சிற்றப்பனார் அவ்வாறே செய்தார். பையன் கைப்பிடியைப் பற்றி அத்தொட்டியை நேரே திருப்பி வைத்தான். பிடி வீட்டுப்பக்கம் இருக்க வேண்டுமென்பது அம்மையார் விதி.

இரண்டு நாளிற் யாமும் தாயகம் புறப்பட்டோம். அவ்வாண்டு கிறிஸ்துமஸ் வாழ்த்துடன் அம்மையார் சிற்றன்னையார்க்கு எழுதியதை அவர் எமக்கு அனுப்பினார். மேல்வீட்டை வாங்கினவர் நல்லவர், மரியாதையுள்ளவர். ஆண்டிற் சில வாரம் வந்து தங்குவர். மற்ற நாட்களில் விளக்கு எரிவதில்லை. உலர்த்துங் கயிறு இப்போது எல்லாக் கிழமையும் தமக்கே. மழை வந்தாற் கூவுகின்றாராம், பழக்கத்தால்.